வாள்காரனின் பெயர் என்ன?

 

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த தவணைப் பரீட்சை முடிந்த மறுநாள். விடைத்தாள் திருத்தும் வேலை தலைக்கு மேல் இருந்தது. தரம் 9 பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி, மல்டிமீடியாவில் ஓர் ஆங்கிலப் படத்தைப் போட்டுவிட்டோம். ‘ரேடர்ஸ் ஒஃப் த லொஸ்ட் ஆர்க்’. 1981இல் வந்த, இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் முதற் படம். பிள்ளைகளின் காதில் கொஞ்சம் ஆங்கிலம் விழட்டும் என்பதுதான் எமது எண்ணம்.

கெய்ரோ நகரச் சந்தைக் காட்சி வந்தது. கூட்டம் விலகி வழி விடுகிறது. கறுப்பு உடையும் சிவப்பு இடுப்புப் பட்டியுமாக ஓர் அரபி வந்து நின்று, பெரிய வாளைச் சுழற்றி வித்தை காட்டுகிறான். கதாநாயகன் சலிப்போடு ஒரு பார்வை பார்க்கிறான். துப்பாக்கியை எடுத்து ஒரே சூடு. ஆள் விழுந்துவிட்டான். மண்டபமே சிரித்தது. மறைக்க என்ன இருக்கிறது, நாமும் சேர்ந்துதான் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டான்: “சேர், அந்த வாள்காரன்ட பேரென்ன?”

மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எமக்குப் பதில் தெரியவில்லை. வரலாறு படிப்பிக்கும் ஆசிரியரிடம் ஒரு பிள்ளை பெயர் கேட்டுப் பதில் இல்லாமல் நிற்பது நல்லதல்ல. அன்றிரவு தேட ஆரம்பித்தோம். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் காட்சியின் கதை. அது கெய்ரோவில் எடுக்கப்பட்டதல்ல. டியூனீசியாவின் கைரவான் நகரில் எடுக்கப்பட்டது. ஆம், அதே கைரவான்தான். ஹிஜ்ரி 50இல், அதாவது கி.பி. 670இல், உக்பா இப்னு நாபிஃ (ரஹ்) அவர்கள் பள்ளிவாசல் எழுப்பிய நகரம். மாலிக் மத்ஹபின் பெரும் சட்டநூலைத் தொகுத்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்) காழியாக இருந்த நகரம். படக்குழு அந்த நகரத்து வீட்டுக் கூரைகளில் இருந்த தொலைக்காட்சி அன்டனாக்களைக் கழற்றச் செய்து, அதை 1936ஆம் ஆண்டின் கெய்ரோவாக மாற்றியது.

திட்டமிட்டிருந்தது நீளமான ஒரு சண்டை. வாளுக்கு எதிராகக் கதாநாயகனின் சாட்டை. ஆனால் டியூனீசியாவில் படக்குழுவில் பலருக்கு வயிற்றோட்டம். நடிகர் ஹரிசன் ஃபோர்டுக்கும் அதேதான். நின்று சண்டை போட அவருக்குத் தெம்பில்லை. எனவே சண்டையை விட்டுவிட்டு ஒரே சூட்டில் முடித்துவிட்டார்கள். உலகமே சிரித்த காட்சி இப்படிப் பிறந்ததுதான்.

அந்த வாள்காரன்? அவர் அரபியே அல்ல. டெரி ரிச்சர்ட்ஸ் என்ற பிரித்தானிய சண்டைக் கலைஞர். அதே படத்தில் கதாநாயகனின் எகிப்திய நண்பன் ஸல்லாஹ்வாக வருபவரும் ஜோன் ரைஸ் டேவிஸ் என்ற பிரித்தானிய நடிகர்தான். அப்படியானால் உண்மையான அரபிகள் எங்கே? பின்னால் நிற்கிற கூட்டத்தில்.

ஆக, நடித்தவருக்குப் பெயர் இருக்கிறது. பாத்திரத்துக்குப் பெயர் இல்லை. பிள்ளையின் கேள்விக்கான சரியான பதில் இதுதான்: அவனுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

“படந்தானே, விடுங்களேன்” என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு படம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது.

1921இல் ‘த ஷெய்க்’ என்ற ஊமைப்படம் வந்தது. இத்தாலியில் பிறந்த ருடோல்ஃப் வலன்டினோ பாலைவனத் தலைவனாக நடித்தார். ஆங்கிலேயப் பெண்ணைக் கடத்திச் செல்லும் அரபி. படம் பெரும் வெற்றி. கடைசியில் ஒரு திருப்பம் வைத்தார்கள்: அந்த ஷெய்க் உண்மையில் அரபியல்ல, ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்து அரபியால் வளர்க்கப்பட்டவன். கதாநாயகி அவனை விரும்ப வேண்டுமென்றால் அவன் அரபியாக இருக்கக்கூடாது!

1939இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற படம். பிரெஞ்சுக்காரர்களின் பாலைவனக் கோட்டை. கோட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு கதை உண்டு. வெளியே குதிரைகளில் வந்து தாக்கும் துவாரெக் மக்களுக்கோ முகமே இல்லை. அவர்களுடைய நிலத்தில் பிரெஞ்சுக் கோட்டை எப்படி வந்தது என்ற கேள்வியைப் படம் கேட்பதில்லை.

1962இல் ‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’. டேவிட் லீனின் புகழ்பெற்ற படம். இதில் ஒரு பெரிய மாற்றம் தெரிந்தது. எகிப்திய நடிகர் ஒமர் ஷெரீஃப் அறிமுகமாகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கானல் நீருக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அது மெல்ல மெல்லப் பெரிதாகி ஒட்டகத்தில் வரும் மனிதனாகிறது. தூரத்தை அருகே கொண்டுவரும் மிக நீண்ட வில்லையைக் கொண்டு அதை எடுத்தார்கள். ஓர் அரபு நடிகருக்கு ஹொலிவூட் கொடுத்த மிக அழகான வரவேற்பு அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் இளவரசர் ஃபைஸலாக நடித்தவர் அலெக் கின்னஸ் என்ற ஆங்கிலேயர். அவ்தா அபூ தாயியாக நடித்தவர் அன்டனி குயின். மூன்றரை மணித்தியாலத்துக்கும் அதிகமான அந்தப் படத்தில் ஒரு பெண் கூட வாய் திறந்து பேசுவதில்லை.

லெபனான் வம்சாவளி அமெரிக்கரான பேராசிரியர் ஜாக் ஷாஹீன், அரபிகள் வரும் 900க்கும் மேற்பட்ட ஹொலிவூட் படங்களைப் பார்த்து 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். அவற்றில் அரபிகளை நல்ல விதமாகக் காட்டியவை என்று அவர் கணக்கிட்டது ஒரு டசின் அளவுதான். ஒரு வாள்காரனைப் பார்த்துச் சிரிப்பது பெரிய விடயமல்ல. நூற்றுக்கணக்கான வாள்காரர்களைப் பார்த்துப் பழகிய கண்தான் பயத்தைத் தருகிறது.

சரி, கமரா இதை எப்படிச் செய்கிறது? ஆசிரியர் கலாசாலையில் நாம் படித்த காலத்தில் ஒரு விரிவுரையாளர் எளிய வழி ஒன்று காட்டித் தந்தார். படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டு, கையில் பென்சிலோடு பார்க்கச் சொன்னார். யாருடைய முகம் திரை நிறைய வருகிறது என்று கோடு போட வேண்டும். செய்து பார்த்தபோது ஆச்சரியப்பட்டோம்.

முகத்தை மட்டும் அருகில் காட்டும் ‘குளோஸ் அப்’ கதாநாயகனுக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் அவனுடைய களைப்பும் பயமும் பகிடியும் எமதாகின்றன. எதிரிகளைப் பெரும்பாலும் தூரத்திலிருந்து, கூட்டமாகக் காட்டுவார்கள். கூட்டத்தில் ஒருவன் விழுந்தால் ஓர் எண்ணிக்கை குறைகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது மொழி. கதாநாயகன் பேசுவது எமக்கு விளங்கும். சந்தையில் கேட்கும் அரபு வெறும் இரைச்சலாகக் கடந்து போகும், கீழே எழுத்தும் வராது. விளங்காத பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

மூன்றாவது, மரணத்துக்குக் கொடுக்கும் நேரம். கதாநாயகனின் நண்பன் இறந்தால் இசை மாறும், மழை பெய்யும், கமரா நின்று பார்க்கும். வாள்காரன் இறந்தால் அடுத்த காட்சிக்குப் போய்விடும். அழுவதற்கு நேரம் தராத இடத்தில் யாரும் அழமாட்டார்கள். இவற்றை எதிர்த்து வசனம் பேசி வெல்ல முடியாது. ஏனென்றால் இவை வசனத்தில் சொல்லப்படுவதில்லை.

இதுவரை வாசித்த எமது உறவுகள், “பார்த்தீர்களா, நம்மை எப்படிக் காட்டுகிறார்கள்” என்று கோபப்பட்டிருப்பீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அடுத்த கதையையும் கேளுங்கள். இது நமது கண்டியில் நடந்தது.

இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படம் ‘டெம்பிள் ஒஃப் டூம்’. 1984இல் வெளியானது. கதை நடப்பது 1935ஆம் ஆண்டின் வட இந்தியாவில். கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் கேட்டதால், ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் குழுவினர் 1983இல் கண்டிக்கு வந்தார்கள். அந்தப் புகழ்பெற்ற தொங்குபாலத்தை மகாவலிப் பள்ளத்தாக்கில் கட்டினார்கள். அருகே அப்போது விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் ஈடுபட்டிருந்த பொறியியலாளர்கள் பாலத்துக்கும் உதவினார்கள். பாலத்தை வெடிவைத்து அறுக்கும் காட்சி ஒரே தடவைதான் எடுக்க முடியும் என்பதால் பல கமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். கீழே விழுந்தவை கை கால் அசைக்கும் பொம்மைகள்.

அந்தப் படத்தின் கிராமத்து மக்களாக நடித்தவர்கள் நமது நாட்டவர்கள். ஊர்ப் பெரியவராக நடித்தவர் சிங்கள சினிமாவின் டீ. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் பழக்கமில்லை. கமராவுக்குப் பின்னால் நின்று ஸ்பீல்பேர்க் வசனத்தைச் சொல்லச் சொல்ல, அதைக் கேட்டு அதே மாதிரி திருப்பிச் சொன்னார். இன்று பார்த்தாலும் அந்த இடைவெளிகளும் கையசைவும் மனதில் நிற்கின்றன. ஒரு வேடிக்கை என்னவென்றால், வட இந்தியக் கிராமத்து மக்கள் அந்தப் படத்தில் பேசுவது சிங்களம்! உலகத்தில் எத்தனை பேர் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள்? ‘கிழக்கத்தியர்’ என்றால் போதும், எந்த மொழி என்பது தேவையில்லை என்றுதான் படம் எடுத்தவர்கள் நினைத்தார்கள் போலும்.

இனி அந்தப் படம் இந்துக்களை எப்படிக் காட்டியது என்று பாருங்கள். அரண்மனை விருந்தில் வண்டும், பாம்பும், கண்கள் மிதக்கும் சூப்பும், குரங்கு மூளையும் பரிமாறுகிறார்கள். காளியை வணங்குபவர்கள் உயிரோடிருக்கும் மனிதனின் இதயத்தைக் கையால் பிடுங்குகிறார்கள். கடைசியில் பிரித்தானிய அதிகாரியின் படை வந்து துப்பாக்கிச் சூடு நடத்திக் காப்பாற்றுகிறது. இது 1935! உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து ஐந்து வருடங்கள். இந்தியா முழுவதும் பிரித்தானியரை வெளியேறச் சொல்லிக்கொண்டிருந்த காலம். நூறு வருடங்களுக்கு முன், 1830களில், பிரித்தானிய அதிகாரி ஸ்லீமன் ‘தக்கி’ கொள்ளையரை அடக்கிய கதையை எடுத்து வந்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டார்கள். படத்தை இந்தியாவில் ஒரு காலம் தடை செய்தார்கள்.

அந்தப் படத்தை நாமும் சிறுவயதில் கசெட்டில் பார்த்தோம். விருந்துக் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். காளி கோயில் காட்சியைப் பார்த்து, “அவங்கட சாமி இப்படித்தான்” என்று எங்களில் ஒருவன் சொன்னான். யாரும் அவனைத் திருத்தவில்லை. எங்களோடு கிரிக்கெட் விளையாடிய தோட்டத்து நண்பன் ஒருவனும் அன்று பக்கத்தில்தான் இருந்தான். அவனுடைய அம்மா காளியம்மனைக் கும்பிடுகிறவர். அவன் சிரிக்கவில்லை. அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. முன்னேஸ்வரத்தில் பத்திரகாளி கோயிலுக்குச் சிங்களவர்களும் தமிழர்களும் எத்தனை நம்பிக்கையோடு போகிறார்கள் என்பது பிறகுதான் எமக்குத் தெரியவந்தது.

வாள்காரனுக்காக நாம் கோபப்படுகிறோம். அந்த நண்பனுக்காக அன்று ஏன் கோபப்படவில்லை? கமராவுக்கு இனம் மதம் கிடையாது. எவரையும் முகமில்லாத கூட்டமாக்க அதனால் முடியும். நமக்கு வலித்தால் மட்டும் அதைப் பிழை என்பது நீதியல்ல.

மாற்று வழி இல்லையா? இருக்கிறது. சிரியாவின் ஹலப் நகரில் பிறந்து அமெரிக்காவில் சினிமா படித்த முஸ்தபா அக்காத் அதைச் செய்து காட்டினார்.

1976இல் அவர் எடுத்த ‘த மெசேஜ்’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நபி (ஸல்) அவர்களின் உருவத்தையோ குரலையோ காட்ட முடியாது. அப்படியானால் படம் எடுப்பது எப்படி? கமராவை அவர்கள் இருக்கும் இடத்தில் வைத்தார் அக்காத். பாத்திரங்கள் கமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். பதில் மௌனம். வரம்பு ஒன்றை மதித்ததாலேயே புதிய உத்தி ஒன்று பிறந்தது. ஒரே படத்தை ஆங்கில நடிகர்களோடு ஒரு முறையும் அரபு நடிகர்களோடு ஒரு முறையும் தனித்தனியாக எடுத்தார். எதிரியாக வரும் ஹிந்தைக் கூட அவர் கூட்டத்தில் ஒருத்தியாக விடவில்லை. அவளுக்குத் துயரமும் காரணமும் முகமும் கொடுத்தார்.

அடுத்தது ‘லயன் ஒஃப் த டெசர்ட்’. லிபியாவை ஆக்கிரமித்த முசோலினியின் இத்தாலியப் படைகளை எதிர்த்த உமர் முக்தாரின் கதை. உமர் முக்தார் யார்? எங்களைப் போல ஓர் ஆசிரியர். குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். படத்திலும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருக்கும் முதியவராகவே அவரைப் பார்க்கிறோம். 1931 செப்டெம்பர் 16இல் இத்தாலியர் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் கடைசிக் காட்சியில் அவருடைய மூக்குக் கண்ணாடி கீழே விழுகிறது. ஒரு சிறுவன் ஓடிவந்து அதை எடுக்கிறான். ஒரு மனிதனின் மரணத்துக்குக் கமரா எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அங்கே பாருங்கள். இத்தாலியர்களையும் அக்காத் ஒரே அச்சில் வார்க்கவில்லை. அநியாயமாகச் சுட மறுக்கும் இத்தாலிய அதிகாரி ஒருவனும் அந்தப் படத்தில் இருக்கிறான்.

1981இல் அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டு பாலைவனப் படங்கள் ஓடின. ஒன்று வாள்காரன் செத்த படம். அந்த வருடம் அங்கு அதிகம் வசூலித்த படம் அதுதான். மற்றது உமர் முக்தாரின் படம். போட்ட பணத்தில் சிறு பங்கு கூடத் திரும்பவில்லை. இத்தாலி அதைத் தடையும் செய்தது. அக்காதின் முடிவு இன்னும் வேதனையானது. 2005 நவம்பரில் ஜோர்தானின் அம்மான் நகர ஹோட்டல்களில் அல்கைதா நடத்திய குண்டுத் தாக்குதலில் அவரும் அவருடைய மகளும் கொல்லப்பட்டார்கள். வாழ்நாள் முழுவதும் முஸ்லிம்களுக்கு ஒரு முகத்தைத் தேடிக்கொடுத்த மனிதரை, முஸ்லிம்களின் பெயரைச் சொல்லிக் கொன்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் ஹோட்டலில் இருந்தது ஒரு கூட்டம் மட்டுமே.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்?

கண்டியிலிருந்து விக்டோரியா அணைக்கட்டுக்குப் போகும் பாதையில்தான் திகன இருக்கிறது. அந்தத் தொங்குபாலம் நின்ற பள்ளத்தாக்கின் பக்கம். 2018இல் என்ன நடந்தது என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. முஸ்லிம் இளைஞர் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். அவர் இறந்துபோனார். அவருக்கும் ஒரு பெயர், ஒரு குடும்பம் இருந்தது. அந்தக் குற்றத்தைச் செய்தவர்களுக்கும் பெயர் இருந்தது. ஆனால் மார்ச் மாதம் எரிக்கப்பட்ட கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் அவர்களுடையவை அல்ல. எரிக்க வந்தவர்களின் கண்ணுக்கு நாம் ஒரு கூட்டம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் எங்கள் உம்மாக்கள் மேல் விழுந்த பார்வையும் அதேதான்.

ஒரு படம் கடையை எரித்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கிற பழக்கம் ஒரு நாளில் வருவதல்ல. அது சிரிப்போடும், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் படத்தோடும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. எல்லாச் சமூகங்களிலும் சேர்கிறது. நம்மிலும்தான்.

“படமே பார்க்க விடாதீர்கள்” என்று சில ஹஸரத்மார்கள் சொல்வார்கள். அவர்களின் கருத்தை மதிக்கிறோம். ஆனால் பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. நாம் விடாவிட்டாலும் அவன் பார்ப்பான். தனியாகப் பார்ப்பதை விட, கேள்வி கேட்கத் தெரிந்தவனாகப் பார்ப்பது மேல். கேள்வி கேட்டால் மாற்றமும் வரும். 1992இல் வெளிவந்த டிஸ்னியின் ‘அலாடின்’ படத்தின் ஆரம்பப் பாட்டில் அரபிகளை இழிவுபடுத்தும் வரிகள் இருந்தன. அமெரிக்க அரபு மக்கள் முறையிட்டார்கள். 1993இல் வீடியோவாக வந்தபோது அந்த வரிகளில் சில மாற்றப்பட்டிருந்தன. கல் எறியவில்லை. விளக்கமாக எடுத்துச் சொன்னார்கள்.

எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பிள்ளையோடு ஒரு சாகசப் படம் பார்த்தால், முடிந்ததும் இதைக் கேளுங்கள்: யாருடைய முகத்தை அதிகம் பார்த்தாய்? யார் பேசியது உனக்கு விளங்கவில்லை? யார் இறந்தபோது நீ சிரித்தாய்? அந்த ஆள் உன் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்திருந்தால்?

அடுத்த வாரம் நாம் தரம் 9 வகுப்புக்குப் போனோம். பதிலைச் சொன்னோம். பிறகு ஒரு பயிற்சி கொடுத்தோம்: வாள்காரனுக்கு ஒரு பெயர் வைத்து, அன்று காலை அவன் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

முப்பத்திரண்டு கொப்பிகள் வந்தன. ஒருத்தி அவனுக்கு யூசுப் என்று பெயர் வைத்திருந்தாள். மகளுக்கு மருந்து வாங்கப் பணம் இல்லாததால் அவன் கூலிக்கு வாள் வீசப் போனானாம். இன்னொருவன் அவனைச் சந்தையில் வாள் வித்தை காட்டிப் பிழைப்பவனாக்கி, யாரையும் வெட்டும் எண்ணமே அவனுக்கு இருக்கவில்லை என்று எழுதியிருந்தான்.

கேள்வி கேட்ட அந்தப் பின்வரிசைப் பிள்ளை எழுதியது நாலு வரி. பெயர் வைக்கவில்லை. கடைசி வரி மட்டும் இங்கே: “அவன்ட உம்மாக்குத் தெரியும் அவன்ட பேர்.”

பதினைந்து புள்ளிக்குப் பதினைந்து கொடுத்தோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். வாசித்துப் பதில் தருவோம், இன்ஷா அல்லாஹ். தேவையானவர்களுக்குச் சேரட்டும், பகிருங்கள்.